ஸ்தெபானின் பீங்கான்

டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனத்தில் பாதிப்பேரைக் கனடாவில் குடியேற்றியது என்னுடைய பேனைதான் என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அகதி விண்ணப்பம், ஸ்பொன்சர், சுகாதார அட்டை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று எந்தப் போம் ஆனாலும் சனிக்கிழமை காலையில் என் குசினி மேசைக்குத்தான் வரும். பேர்ணடெற் அன்ரி நிரப்பினால் திரும்பி வராது என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. என் கணவர் யேசுரட்ணம் மட்டும், "தலைக்கனத்துக்கும் ஒரு போம் இருந்தால் அதையும் நிரப்பும்" என்று பகிடி பண்ணுவார்.

எங்கள் ஆட்கள் தடக்குப்படுகிற முதல் இடம் லாஸ்ற் நேம் என்ற பெட்டி. எங்களுக்குப் பரம்பரைப் பெயர் ஏது? குலசிங்கத்தின் மகன் ராகுலன், அவ்வளவுதான். "இதிலை என்ன அன்ரி எழுதிறது?" என்று முழிப்பார்கள். "அப்பான்ரை பேரை எழுது. கண்ணை மூடிக்கொண்டு எழுது" என்பேன். கலியாணம் செய்த பெண் என்றால் புருஷனுடைய பெயர். கலியாணத்துக்கு முந்திய பெயர் என்று கேட்டிருந்தால் அங்கேயும் அப்பாவின் பெயர். போம் மேசைக்கு வந்தவுடன் "அப்பா பேர் என்ன?" என்று கேட்டபடியே முதற் பெட்டியை நிரப்புவது என் கைக்குப் பழகிப்போயிருந்தது. அந்தக் கை செய்த ஒரு வேலையைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. தனியாக இருக்கும் முதியவர்களின் வீடுகளுக்குப் போய்ச் சமைத்து, குளிக்க வார்த்து, மருந்து எடுத்துக் கொடுத்துவிட்டு வரவேண்டும். தொண்ணூற்றியோராம் ஆண்டு மிசிஸ் மெல்னிக் எனக்குக் கிடைத்தார். எங்கள் தெருவிலேயே மூன்றாவது கட்டடம், ஒன்பதாம் மாடி. உக்ரெய்ன்காரி. புருஷன் செத்து மூன்று வருடம், பிள்ளை குட்டி இல்லை. இரண்டு கண்ணிலும் வெண்படலம் மூடி, ஆளை நிழலாகத்தான் தெரியும். ஒப்பரேஷன் என்றால் பயம். "இருக்கிற வெளிச்சத்தையும் பிடுங்கிப்போடுவாங்கள்" என்று டொக்டரை வாசற்படிக்கே விடமாட்டார்.

அவருடைய இங்கிலிசும் என்னுடைய இங்கிலிசும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. இரண்டு ஓட்டைப் படகுகளும் எப்படியோ கரை சேர்ந்தன. அவர் சொன்னதையெல்லாம் நான் என் தமிழிலேயே தருகிறேன். உக்ரெய்ன்காரி யாழ்ப்பாணத்தில் கதைக்கிறாளே என்று யாரும் குறை பிடிக்கவேண்டாம்.

வேலைக்குப் போனபின் வந்த முதல் தை மாதம், அதாவது ஜனவரி, ஆறாம் தேதி ஒரு புதினமான காரியம் பார்த்தேன். அவர்களுடைய பழைய கலண்டர்ப்படி அன்றைக்குத்தான் யேசு பிறந்த நத்தார் இராத்திரி. பொழுது சாய்ந்து வானத்தில் முதல் வெள்ளி தெரிந்ததும் சாப்பிட உட்காருவார்களாம். நான் நாலரைக்கு வீட்டுக்குப் புறப்படும்போது மேசையில் இரண்டு சாப்பாட்டுப் பீங்கான்கள் இருந்தன. ஒன்று அவருடையது. மற்றது விளிம்பில் நீல வளையம் போட்ட வெள்ளைப் பீங்கான். கரண்டி, முள்ளுக்கரண்டி, மடித்த துவாய் எல்லாம் ஒழுங்காகப் பக்கத்தில்.

"ஆரும் வருகினமோ?"

"என்ரை தம்பி."

"எங்கையிருந்து?"

"தெரியாது" என்றார்.

பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கதை வந்தது. தம்பியின் பெயர் ஸ்தெபான். இவரைவிட மூன்று வயது இளையவன். எப்போதும் பசியோடு இருக்கும் பெடியன். தாய் பாணைச் சரிசமமாக வெட்டிக் கொடுத்தால் தன் துண்டை முடித்துவிட்டு அக்காவின் துண்டைப் பார்த்துக்கொண்டிருப்பானாம். நாற்பத்திரண்டில் ஜேர்மன்காரன் ஊருக்குள் புகுந்து வேலைக்கு ஆள் பிடித்தபோது பராஸ்காவையும் பிடித்தான். பராஸ்கா என்பதுதான் மிசிஸ் மெல்னிக்கின் பெயர். ரயில் புறப்பட இருந்த நேரத்தில் ஸ்தெபான் ஆறு மைல் ஓடி வந்து யன்னலால் ஒரு பாணை நீட்டினான். அதில் ஒரு பக்கம் கடிபட்டிருந்தது. "வழியிலை பசிச்சுப் போச்சு அக்கா" என்றான். அதுதான் கடைசி.

யுத்தம் முடிந்து ஜேர்மனியில் அகதி முகாமில் இருந்தபோது ஊர்க்காரன் ஒருவன் செய்தி சொன்னான். நாற்பத்தேழில் ரஷ்யாக்காரர் ஸ்தெபானைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அவர்களை எதிர்த்துக் காட்டில் ஒளிந்திருந்த பெடியன்களுக்குப் பாண் கொடுத்தானாம். பத்து வருடம் கட்டாய வேலை முகாம். எந்த முகாம் என்று யாருக்கும் தெரியாது. கடிதம் போட்டால் ஊரில் இருக்கிறவர்களுக்குக் கரைச்சல் என்று அக்காவும் போடவில்லை. தாய் தகப்பன் செத்தார்கள். இவர் கப்பலேறி கனடா வந்தார்.

சோற்றுப் பார்சல் கொடுத்ததற்காக ஆளைக் கொண்டுபோவது எனக்குப் புதினமான கதை இல்லை. அதை யாழ்ப்பாணத்தில் கண்ணாலேயே பார்த்தவள் நான். ஆனால் ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டில் காணாமற்போனவர் என்று ஒருவரும் இல்லை. ஐயா, அம்மா, அண்ணன் நீக்கிலாப்பிள்ளை, எல்லாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எல்லாருக்கும் ஒரு தேதியும் ஒரு குழியும் உண்டு. வருடா வருடம் பூசை ஒப்புக்கொடுக்கிறோம். காத்திருப்பது என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் எனக்கு எல்லாம் லேசாக இருந்தது.

"சோவியத் விழுந்திட்டுதாம். பழைய பதிவெல்லாம் திறந்திட்டாங்களாம். ஆள் தேடிக் குடுக்கிற சங்கம் டவுன்ரவுணிலை இருக்கு. ஒரு போம் நிரப்பினால் காணும், வேறை ஒண்டும் தேவையில்லை" என்றேன் நான்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பத்தைந்து வருடமாக ஒருவரும் அவரிடம் 'காணும்' என்று சொல்லவில்லை.

தொண்ணூற்றிரண்டு மே மாதம். அவருடைய மேசையில் இருந்துதான் நிரப்பினேன். யன்னலுக்கு வெளியே வெயில் நன்றாக எறித்தது ஞாபகம் இருக்கிறது. தேடப்படுபவரின் பெயர்: ஸ்தெபான். "அப்பா பேர் என்ன?" என்று கேட்டேன். "மிகைலோ" என்றார். லாஸ்ற் நேம் பெட்டியில் மிகைலோ என்று எழுதினேன். தகப்பன் பெயர் என்று கீழே இன்னொரு பெட்டி. அதிலும் மிகைலோ. விண்ணப்பிப்பவரின் கலியாணத்துக்கு முந்திய பெயர்: பராஸ்கா மிகைலோ. பிறந்த வருடம், ஊர், பிடிபட்ட வருடம் எல்லாம் அச்சுப்போல எழுதினேன். கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தில் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்தேன். அவர் கோணல்மாணலாக மெல்னிக் என்று கீறினார்.

வெள்ளைக்காரருக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மெல்னிக் என்பது அவருடைய புருஷனின் முதற்பெயர் அல்ல என்பதும் தெரியும். ஆனால் அன்றைக்கு என் புத்தி எழுதவில்லை, கைதான் எழுதியது. செக்குமாடு கண்ணைத் திறந்துகொண்டும் வட்டத்திலேதான் சுற்றும்.

வழக்கம்போலப் பிரதி ஒன்று எடுத்து என் பெட்டிக்குள் வைத்தேன். நான் நிரப்பிய ஒவ்வொரு போமுக்கும் என்னிடம் பிரதி இருந்தது. அதுவும் ஒரு பெருமை.

பிறகு காத்திருந்தார். நான் கதவைத் திறக்கும்போதே "தபால்?" என்று கேட்பார். மின்சார பில்லையும் கடை விளம்பரத்தையும் நான் வாசித்துக் காட்டவேண்டும், எங்கேயாவது ஒளிந்திருக்குமோ என்று. தொண்ணூற்று மூன்று தை ஆறிலும் நீல வளையப் பீங்கான் மேசையில் இருந்தது. தொண்ணூற்று நாலிலும் இருந்தது. அந்த இரண்டு வருடமும் அதைக் கழுவித் துடைத்து வைத்தது நான்தான்.

தொண்ணூற்று நாலு ஐப்பசியில் பதில் வந்தது. ஒரே ஒரு தாள். தரப்பட்ட பெயரில் எந்தப் பதிவும் இல்லை, கைதானவர்களிலும் இல்லை, விடுதலையானவர்களிலும் இல்லை, வருந்துகிறோம்.

நான் அதை இரண்டு தரம் வாசித்தேன். அவர் அழவில்லை. "அப்பிடியெண்டால் முகாமுக்குப் போக முந்தியே சுட்டுப்போட்டாங்கள்" என்றார். "பதிவு வைக்கிறதுக்கு முந்தியே. இருபது வயசிலை." பிறகு, "நாற்பத்தேழு வருசமாய் ஒரு செத்த பெடியனுக்குப் பீங்கான் வைச்சிருக்கிறன்" என்றார். அதைச் சொல்லும்போதுதான் குரல் உடைந்தது. நான் அவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். உண்மையாகவே அழுதேன். என் போம் முதல்தடவையாகத் தோற்றதற்கும் அதில் ஒரு பங்கு இருந்தது என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த ஞாயிறு அவருடைய கோயிலில் ஸ்தெபானின் ஆத்துமத்துக்காகப் பாட்டுப் பூசை வைத்தார். நானும் யேசுரட்ணமும் போனோம். எங்கள் பூசை போலத்தான், ஆனால் இருக்க விடமாட்டார்கள். முழுக்க நின்றபடி. கடைசியில் 'நித்திய ஞாபகம்' என்று மூன்று தரம் பாடினார்கள். மிசிஸ் மெல்னிக் வாயைத் திறக்கவே இல்லை. என் முழங்கையைப் பிடித்தபடியே நின்றார்.

தொண்ணூற்றைந்து தை ஆறு. அன்றைக்கு நான் நேரத்தோடு போய்ச் சமையலுக்கு உதவினேன். பன்னிரண்டு கறி, ஒன்றிலும் இறைச்சி இல்லை. பீற்றூட் சூப், கோவா இலையில் சுற்றிய சோறு, உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை, எண்ணெயில் ஊறப்போட்ட மீன், கோதுமையை அவித்துத் தேனும் கசகசாவும் போட்டுக் குழைத்த ஒன்று. நான் புறப்படக் கோட்டை எடுத்தேன். "இரு" என்றார். அலுமாரியைத் தடவி நீல வளையப் பீங்கானை எடுத்து மேசையில் வைத்தார்.

"இந்தப் பீங்கான் வரப்போறவனுக்கு. செத்தவைக்கு மெழுகுதிரி காணும். இனி வாறதுக்கு ஆருமில்லை. நீ இதிலை இருந்து சாப்பிடு."

"ஐயோ, நான் எப்பிடி?"

"பீங்கான் வெறுமையாய் இருக்கக்கூடாது, பெர்ணதா. நீ இரு." என் பெயர் அவர் வாயில் அப்படித்தான் வரும்.

இருந்தேன். அவர் கண்ணுக்குத் தெரிந்த நிழலை வைத்துத் தன் கையாலேயே எல்லாவற்றையும் அள்ளி அள்ளி வைத்தார். உப்புமில்லை உறைப்புமில்லை. மீனோ பச்சை மீன். பாசையூரில் பிறந்த எனக்கு மீனை அவிக்காமல் போட்டால் எப்படி இறங்கும்? அந்தக் கோதுமை தொண்டையில் களிபோல ஒட்டியது. அவர் மெழுகுதிரி கொளுத்த யன்னல் பக்கம் திரும்பிய நேரம் நான் பீங்கானைக் குசினிக்குக் கொண்டுபோய், பாதிக்கு மேல் குப்பை வாளிக்குள் வழித்துப் போட்டு, மேலே பேப்பரால் மூடினேன். வந்து "நல்லாயிருந்தது" என்றேன். அவருக்கு முகம் மலர்ந்தது. இப்படி எத்தனை வீட்டில் செய்திருக்கிறோம்? அன்றைக்கு அது எனக்கு ஒரு விஷயமாகவே படவில்லை.

தொண்ணூற்றாறு வசந்தத்தில் ஒருவாறு டொக்டர் வென்றார். இரண்டு கண்ணும் ஒப்பரேஷன் செய்தார்கள். கட்டு அவிழ்த்தபிறகு என்னை முதலில் பார்த்து, "நான் நினைச்சதைவிட நீ கட்டை" என்றார். ஒரு கிழமையாக வீட்டில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தார். அப்போது அவருக்கு ஒரு எண்ணம் வந்தது. புருஷனுடைய கல்லறைக் கல்லில் இடம் இருக்கிறது. அதில் தம்பியின் பெயரையும் வெட்டவேண்டும். குழி இல்லாதவனுக்குக் கல்லாவது இருக்கட்டும்.

கல் வெட்டுகிறவனுக்குக் கொடுக்க ஒரு தாளில் தானே பெரிய எழுத்தில் எழுதினார், மேலே தங்கள் எழுத்தில், கீழே இங்கிலிசில். என்னிடம் நீட்டி, "பிழை இருக்கோ பார்" என்றார்.

ஸ்தெபான் பொண்டார், 1927, பிறகு ஒரு கோடு, பிறகு வெறுமை.

"பொண்டார் ஆர்?" என்று கேட்டேன்.

"ஆரோ? நாங்கள்தான். எங்கடை குடும்பம்."

"உங்கடை அப்பா மிகைலோ எல்லே?"

"ஓம். மிகைலோ பொண்டார். நான் மெல்னிக்கைக் கட்ட முந்திப் பராஸ்கா பொண்டார். உனக்கென்ன, முகம் இப்பிடிப் போகுது? இரு, தண்ணி குடி."

நான் தண்ணீர் குடித்தேன். வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்து பிரதியை எடுத்துப் பார்த்தேன். மிகைலோ. மிகைலோ. மிகைலோ. மூன்று பெட்டி, என் அழகான எழுத்து. உலகத்தில் இல்லாத ஒரு ஆளைத் தேடச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவர்களும் நேர்மையாகத் தேடி, இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள்.

அன்றே புதிதாகப் போம் எடுத்தேன். விண்ணப்பிப்பவர் என்ற இடத்தில் என் பெயரைப் போட்டேன், உறவு என்ற இடத்தில் சிநேகிதி என்று எழுதினேன். ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடப் பிள்ளைபோல எழுதினேன். மிசிஸ் மெல்னிக்கிடம், "கல்லுக்கு அவசரப்படாதேங்கோ. தேதியில்லாமல் வெட்டினால் அரைகுறையாய் இருக்கும்" என்று ஏதோ சொல்லித் தள்ளிப்போட்டேன். அவரும் என் பேச்சைக் கேட்டார். போம் விஷயத்தில் நான் கெட்டிக்காரி அல்லவா.

ஏன் உடனே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். வெட்கம். அதற்கு மேல் பயம். கண்டுபிடித்துக் கையில் கொடுத்துவிட்டால் பிழை மறைந்துபோகும் என்று நினைத்தேன். ஆளே உயிரோடு வந்து நின்றால் யார் போமைப் பற்றிக் கேட்கப்போகிறார்கள்? அந்தப் பதினேழு மாதமும் நான் கும்பிடாத புனிதர் இல்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தருகிற அந்தோனியாருக்கு நேர்த்திக்கடன் வைத்தேன். சனிக்கிழமைப் போம் வேலையை விட்டுவிட்டேன். சனம் வந்து கதவைத் தட்டினால், "கை நோகுது" என்று சொல்லி அனுப்பினேன்.

தொண்ணூற்றேழு ஐப்பசியில் என் பெயருக்குப் பதில் வந்தது. இந்தமுறை மூன்று தாள்.

பொண்டார், ஸ்தெபான், மிகைலோவின் மகன். பிறந்தது 1927. 1947இல் கைது, பத்து வருடம். கரகண்டா நிலக்கரிச் சுரங்க முகாம். 1956இல் விடுதலை, சொந்த ஊருக்குத் திரும்ப அனுமதி இல்லை. அதே சுரங்கத்தில் ஓய்வு பெறும்வரை வேலை. கலியாணம் இல்லை. 1991இல் தன்மேல் சுமத்திய குற்றத்தைத் துடைக்கச் சொல்லி விண்ணப்பம் போட்டிருக்கிறான். அந்த விண்ணப்பத்தில் உறவினர் என்ற பெட்டியில் அவன் எழுதியது: அக்கா, பராஸ்கா பொண்டார், 1942இல் ஜேர்மனிக்குக் கொண்டுபோகப்பட்டவர், தகவல் இல்லை, தெரிந்தால் அறிவிக்கவும்.

இறந்தது 1995 மார்ச் ஒன்பது. சுவாச நோய்.

இரண்டு பேரும் ஒரே பெயரில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். நடுவில் என் பேனை நின்றிருக்கிறது.

யேசுரட்ணம் வேலையால் வரும்வரை நான் கோட்டைக்கூடக் கழற்றாமல் கதிரையில் இருந்தேன். அவர் வாசித்தார்.

"இதை அந்த மனிசிக்குச் சொல்லாதையும்" என்றார். "ஐம்பத்தாறிலை முகாமிலையே செத்திட்டான் எண்டு சொல்லும். கல்லிலை ஒரு தேதி கிடைக்கும், அதோடை நிம்மதி. உண்மையைச் சொல்லி ஆருக்கு என்ன புண்ணியம்?"

"கல்லிலை பொய் வெட்டச் சொல்லுறீங்களோ?"

"உம்மைக் காப்பாத்தச் சொல்லேல்லை. அவவைக் காப்பாத்தச் சொல்லுறன்."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் எங்கள் வீட்டுச் சாவுகளை நினைத்துப் பார்த்தேன். அண்ணனுடைய தேதியை ஒருவன் எனக்கு மாற்றிச் சொல்லி, அந்தப் பிழையான நாளில் நான் வருடா வருடம் பூசை ஒப்புக்கொடுத்தால்? செத்தவனுக்கு மிச்சமாக இருப்பது அந்த ஒரு தேதிதான். அதையும் நான் பிடுங்க முடியாது.

அடுத்த நாள் காலை போனேன். பழைய பிரதியையும் புதிய பதிலையும் ஒன்றாகக் கொண்டுபோனேன். மிசிஸ் மெல்னிக் மேசையில் இருந்து பாண் வெட்டிக்கொண்டிருந்தார். கத்தியை வாங்கி வைத்துவிட்டுப் பதிலை முழுக்க வாசித்துச் சொன்னேன். விடுதலை என்று வந்த இடத்தில் "ஆ" என்று எழும்பினார். "உயிரோடையோ? உயிரோடை இருந்தவனோ?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். முகம் இருபது வயதுப் பெண்ணின் முகம்போல ஆகிவிட்டது. நான் நிறுத்தாமல் வாசித்தேன். நிறுத்தினால் பிறகு வாசித்திருக்க மாட்டேன். மார்ச் ஒன்பதில் முடித்தேன்.

அவர் மெல்லக் கதிரையில் இருந்தார். அக்காவைப் பற்றி எழுதியிருந்ததைத் திரும்ப வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இன்னொரு தரம் என்றார். வாசித்தேன்.

"தொண்ணூற்றைஞ்சு. நாங்கள் போம் அனுப்பினது?"

"தொண்ணூற்றிரண்டு."

"அப்ப ஏன் இல்லையெண்டவங்கள்?"

நான் பிரதியை அவர் முன்னால் வைத்தேன். வாயால் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அவர் கண்ணாடியைப் போட்டார். ஐந்து வருடத்துக்கு முதல் தான் கையெழுத்து வைத்த தாளை முதல்தடவையாகப் பார்த்தார். விரல் முதற் பெட்டியில் போய் நின்றது. பிறகு இரண்டாவதில். பிறகு மூன்றாவதில்.

"இதை ஆர் எழுதினது?" என்று கேட்டார். தெரிந்துகொண்டுதான் கேட்டார்.

"நான்தான். எங்கடை ஆக்களுக்கு அப்பான்ரை பேர்தான் கடைசிப் பேர். அந்தப் பழக்கத்திலை... நான் உங்களிட்டைக் கேட்டிருக்கவேணும். கேக்கேல்லை. போன வருசம் கல்லுக்கு எழுதித் தந்தபோதுதான் எனக்குத் தெரிஞ்சது. அப்பவும் சொல்லேல்லை."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். அவர் தாளை மடித்தார், பிரித்தார், திரும்ப மடித்தார். கீழே பஸ் ஒன்று வந்து நின்று போகும் சத்தம் கேட்டது.

"இரண்டு வருசமும் பத்து மாசமும்" என்றார். "தொலைபேசி எடுத்திருப்பன். குரலை எண்டாலும் கேட்டிருப்பன். கிழவன்ரை குரலாய்த்தான் இருந்திருக்கும். எனக்கு அவன்ரை பெடியன் குரல்தான் தெரியும்."

நான் முழங்காலில் இருந்தேன். எப்போது கீழே போனேன் என்று தெரியாது. அவருடைய சட்டை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னை மன்னியுங்கோ, மன்னியுங்கோ" என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் என்னைத் தள்ளவும் இல்லை, தொடவும் இல்லை.

பிறகு ஏதோ கணக்குப் பார்ப்பதுபோல அவருடைய உதடுகள் அசைந்தன.

"தொண்ணூற்றைஞ்சு தை ஆறு" என்றார். "அண்டைக்கு அவன் உயிரோடை இருந்திருக்கிறான்."

"ஓம்."

"நாற்பத்தேழு வருசம் பீங்கான் வைச்சனான். அவன் இருந்த கடைசி நத்தாருக்கு வைக்கேல்லை."

"வைச்சனீங்கள்" என்றேன். "வைச்சுத்தான் என்னை இருத்தினனீங்கள்."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். ஒப்பரேஷன் செய்த கண்கள், நல்ல நீலம். அவ்வளவு நெருக்கத்தில் அவை என்னைப் பார்த்ததில்லை.

"ஓம். அவன்ரை பீங்கானிலை நீ சாப்பிட்டனி." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "என்னென்ன சாப்பிட்டனி? சொல்லு."

நான் சொன்னேன். சூப். கோவாச் சுருள். கொழுக்கட்டை. மீன். கோதுமை. ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"மிச்சம் விட்டனியோ?"

குப்பை வாளியும் மேலே போட்ட பேப்பரும் என் கண்ணுக்குமுன் வந்தன. அன்று காலை நான் ஒரு பொய்யும் சொல்லக்கூடாது என்று மாதாவுக்குச் சத்தியம் பண்ணிக்கொண்டு புறப்பட்டவள்.

"இல்லை" என்றேன். "ஒரு பருக்கையும் விடேல்லை."

"முழுக்கச் சாப்பிட்டனியோ?"

"முழுக்கச் சாப்பிட்டனான்."

அப்போதுதான் அவர் அழுதார். என் தலையில் கையை வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல், கன நேரம்.

"நல்லது" என்றார். "அவனுக்கு எப்பவும் பசி."